ஏழாவது மாடியைக் காலி செய்த காற்று

எஞ்சின் டிரைவர் பெங் விட்ட ஒரே ஒரு காற்றில், சீனாவில் செங்டு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஏழாவது மாடி முழுக்கக் காலியானது. நாற்பத்தாறு நோயாளிகள், அவர்களுக்குத் துணையிருந்த சம்சாரங்கள், மச்சான்கள், வெந்நீர் ஃபிளாஸ்க்குகள் என்று சகலமும் மாடிப்படியில் இறங்கி ஓடின. தேநீர்க் கடையில் இதைச் சொன்னால் மாஜோங் ஆடுகிறவர்கள் பூசணி விதைத் தோலைத் துப்பிவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

அதற்கு முந்தின நாள் பெங் சொன்னதுதான் பொய்.

அன்று ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். பெருங்குடலில் ஒரு சாண் நீளத்தை, அதில் குந்தியிருந்த புற்றுக்கட்டியோடு சேர்த்து வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டுப்போட்டிருந்தார் சர்ஜன் ஹோ. "கட்டி முழுசா வந்துருச்சு, ஓரமெல்லாம் சுத்தம்" என்று அவர் சொன்னபோது பெங்கின் மனைவி குய்லான் அழுதாள். "இனி வாயு பிரிஞ்சாத்தான் கஞ்சி" என்று அவர் சொன்னபோது பெங் அழுதார்.

முப்பத்தெட்டு வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவர் பெங். ஊதல் ஊதினால் மலைக்கு அந்தப் பக்கம் மேயும் எருமை தலை தூக்கும் என்று பெயர். அப்பேர்ப்பட்டவர் இப்போது ஒரு சின்ன 'புஸ்'ஸுக்காகக் கட்டிலில் காத்துக் கிடந்தார். நாலாம் நாள் சாயங்காலத்துக்குள் வராவிட்டால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் இறக்குவதாக ஹோ சொல்லியிருந்தார். அந்தக் குழாயை நினைத்தாலே பெங்குக்கு மூக்கு அரித்தது.

முயற்சிக்குக் குறைவில்லை. மேல்நாட்டு வைத்தியத்தின் சார்பில் ஹோ சூயிங்கம் கொடுத்திருந்தார். வாய் மென்றால், சோறு வருகிறதென்று குடல் ஏமாந்து எழுந்துகொள்ளுமாம். நாட்டு வைத்தியத்தின் சார்பில், கீழ் மாடியிலிருந்து யென் டாக்டரம்மா தினம் ஏறி வந்தார். முழங்காலுக்குக் கீழே நாலு விரல்கடை தள்ளி ஊசி. காது மடலில் ஒட்டிய விதைகள். வயிற்றில் சூடான உப்பு மூட்டை. கடைசியில் கொளுத்திய மாசிப்பத்திரி மூலிகைச் சுருட்டைத் தொப்புளுக்கு மேலே காட்டி ஒரு சூடு.

எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. காற்றுதான் அசையவில்லை.

இதில் எரிச்சல் மூட்டியது பக்கத்துக் கட்டில். ஷாவ் வாத்தியார். ரிட்டயரான கணக்கு வாத்தியார். அதே நாள், அதே ஆபரேஷன், அதே ஒரு சாண். ஆனால் மனிதர் இரண்டாம் நாளே விஷயத்தை முடித்துவிட்டார். "மத்தியானம் ஒண்ணு பன்னெண்டுக்கு" என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து அறிவித்தார். சர்ஜன் ஹோ அவரிடம் ஆறாம் வகுப்பில் படித்தவர். பழைய வாத்தியார் முன்னால் கைகளைத் தொடையோடு ஒட்டி நின்று, "சரிங்க சார்" என்று எழுதிக்கொண்டு போனார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து இறக்கக்கூட இல்லை.

அன்றிலிருந்து ஷாவ் கட்டிலுக்கு மூன்று வேளையும் கஞ்சி. அவர் மனைவி திரையை இழுத்து மூடிக்கொள்வாள். உள்ளே கரண்டிச் சத்தம். திறக்கும்போது கிண்ணம் நாய் நக்கியதுபோலப் பளபளக்கும்.

"நல்லா சாப்புடுறாரு" என்பாள் அவள் உதட்டைத் துடைத்தபடி. வாத்தியார் மெலிந்துகொண்டே போனார். அவள் கன்னம் மட்டும் மெருகேறிக்கொண்டே வந்தது. நல்ல புருஷன் சாப்பிட்டால் பெண்டாட்டிக்கு ஒட்டும்போல என்று குய்லான் பொறாமைப்பட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம். ஒன்றிலிருந்து இரண்டரை வரை ஏழாவது மாடி தூங்கும் நேரம். அந்த நேரத்தில் எமதர்ம ராஜாவே வந்தாலும் வராந்தாவில் காத்திருக்க வேண்டியதுதான். பக்கத்துத் திரைக்குள்ளிருந்து கஞ்சி வாசனை இன்னும் வந்துகொண்டிருந்தது. பெங் பொறுத்துப் பார்த்தார். பிறகு மணியை அழுத்தினார்.

"வந்துருச்சும்மா!" என்றார் ஓடிவந்த நர்ஸ் தாங்கிடம்.

"நெசமாவா பெரியப்பா!" அவள் கைதட்டினாள். "எப்படி வந்துச்சு? சின்னதா, பெருசா?"

"சின்னதா? ஃபிளாஸ்க் மூடி எகிறிப் போச்சு. ஜன்னல்ல இருந்த புறா பறந்துருச்சு. ஏய் குய்லான், சொல்லேன்."

தூக்கத்திலிருந்து எழுந்த குய்லான் புருஷன் முகத்தைப் பார்த்தாள். "ஆமா... புறா பறந்துச்சு" என்றாள்.

"நான் தூங்கலை" என்றது பக்கத்துத் திரை. "ஒண்ணும் கேக்கலை."

"உங்களுக்கு வயசாச்சு வாத்தியாரே, காது மந்தம்."

"உம்மவிட ரெண்டு வயசு சின்னவன் நான்."

அதற்குள் குய்லான் குடும்பத்து அரட்டைக் குழுவில் போட்டுவிட்டாள். பழைய ரயில்வே நண்பர்கள் குழுவுக்கும் அது போனது. ஐந்து நிமிஷத்தில் அறுபது பேர் பட்டாசுப் படம் அனுப்பினார்கள். மச்சினன், நாளைக்கே கிழக்கோழி சூப்போடு வருவதாக எழுதினான். பெங்கின் சிக்னல்மேன் நண்பன் ஒருவன் 'லைன் கிளியர்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

கஞ்சிக்கு முன்னால் ஹோ வந்தார். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை நாலு இடத்தில் வைத்தார். யென் டாக்டரம்மாவும் வந்து, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொன்னார். இந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் ஏழாவது மாடி பார்த்ததில்லை.

"பொய்" என்றார் ஹோ.

"பச்சைப் பொய்" என்றார் யென். "நாக்குல இவ்ளோ தடிமனா மாவு படிஞ்சிருக்கு. உள்ள ஒண்ணும் நகரவே இல்லை."

"ஏன் பெங் அண்ணே இப்படி? ஒட்டுப்போட்ட எடம் இன்னும் தூங்குது. அதும்மேல கஞ்சிய ஊத்தினா என்ன ஆகும்னு தெரியுமா? ஒட்டு பிரிஞ்சா மறுபடி கத்தி வைக்கணும்."

பெங் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். ஹோ கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையில் பெரிதாக எழுதினார்: 'சாட்சி தேவை.' குய்லான் வாயைத் திறந்தாள். "பெண்டாட்டி சாட்சி செல்லாது. புறாவும் செல்லாது" என்றார் ஹோ.

"பாத்தீரா, நான் சொன்னேன்ல?" என்றது பக்கத்துத் திரை. ஆனால் அந்தக் குரலில் வெற்றியின் தெம்பு அவ்வளவாக இல்லை.

யென் கிளம்பும்போது ஷாவ் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார். "அந்த ஊசி குத்துற எடம்... முட்டியிலேருந்து சரியா எத்தனை சென்டிமீட்டர்? சும்மா பொது அறிவுக்குக் கேக்குறேன்." தெரிந்துகொண்டு, கட்டிலுக்கடியிலிருந்து அடிக்கோலை எடுத்தார். இந்த ஆஸ்பத்திரிக்கு அடிக்கோலோடு வந்த ஒரே நோயாளி அவர்தான்.

அன்று முழுக்க குய்லான் புருஷனோடு பேசவில்லை. மறுநாள் காலையில்தான் வாய் திறந்தாள்.

"யோவ் கெழவா. அறுபது பேருக்குச் சொல்லியாச்சு. என் தம்பி சாயங்காலம் கோழி சூப்போட வர்றான். அதுக்குள்ள அது வந்தாகணும். உன் வயித்துக்காக இல்லேன்னாலும் என் மானத்துக்காக."

அவள் சொன்னதைச் செய்யும் ரகம். மூன்று சூயிங்கத்தை ஒன்றாக அவர் வாயில் திணித்தாள். டிரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் இருபது சுற்று நடத்தினாள். இருபதாவது சுற்றில் வயிறு கல்லானது. ஊதல் ஊதாமலேயே பெங் மூச்சிரைத்து நின்றார். வந்ததெல்லாம் விக்கல். அதுவும் சூயிங்கம் வாசனையோடு, நிமிஷத்துக்குப் பத்து.

"மேல போகுது" என்றார் பெங் பரிதாபமாக. "லைன் மாறிப்போச்சு."

அடுத்தது சுருட்டு. யென் டாக்டரம்மா ஒரே ஒரு சுருட்டை, பக்கத்தில் புகை உறிஞ்சும் பெட்டியை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் காட்டுவார். குய்லான் எதிர்க் கடையில் ஆறு சுருட்டு வாங்கி வந்தாள். "ஒண்ணுக்கே வயிறு இளகுதுன்னா, ஆறுக்கு?" அவளுடைய கணக்கு அது.

மத்தியானம் ஒன்றரை. ஏழாவது மாடி குறட்டை விட்டது. கூரையில் புகை கண்டுபிடிக்கும் கருவி சிவப்பாகக் கண் சிமிட்டியது. குய்லான் திரையை இழுத்துவிட்டு, போர்வையை இரண்டு கையாலும் கூடாரமாகத் தூக்கிப் பிடித்து, அதற்குள் தன் தலையையும் விட்டுக்கொண்டாள். உள்ளே ஆறு சுருட்டும் ஒரு தட்டில் நின்று புகைந்தன.

"கண்ணு எரியுதுடி."

"எரியட்டும். கீழ ஏதாச்சும் தெரியுதா?"

"சூடா இருக்கு. ஏதோ... குய்லான், ஏதோ உருளுது."

"எங்க? மேலயா கீழயா?"

"சுரங்கத்துக்குள்ள எஞ்சின் வர்ற மாதிரி இருக்கு."

வந்தது. அதை எப்படிச் சொல்வது? முதலில் தண்டவாளம் அதிர்ந்தது. பிறகு நீண்ட ஊதல். பிறகு முப்பது வேகன் வரிசையாகக் கடந்தன. குய்லான் அலறிப் பின்வாங்கியதில் கூடாரம் சரிந்தது. ஆறு சுருட்டின் புகையும் ஒரே மேகமாகக் கிளம்பிப் போய்க் கூரைக் கருவியை முட்டியது. தீ எச்சரிக்கை மணி அலறியது. ஏழாவது மாடி எழுந்து செருப்பில்லாமல் ஓடியது.

பெங் மட்டும் மல்லாந்து கிடந்தார். முகத்தில் புத்தருக்கு வாய்த்த புன்னகை.

அரை மணி நேரம் கழித்து, காவலாளிகள் சுருட்டுகளைத் தண்ணீரில் அமுக்கி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் திட்டிக்கொண்டே மேலே ஏறி வந்த பிறகு, ஹோவும் யென்னும் கட்டிலருகே நின்றார்கள். நர்ஸ் தாங் மூச்சு வாங்கினாள்.

"இந்தத் தடவை நெசம்" என்றார் பெங். "நம்ம எஞ்சின் மேல சத்தியம். மாடி காலியானதே அதனாலதான்."

"மாடி காலியானது மணியால."

"மணி அடிச்சதே என்னாலதான்!"

ஹோ ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். புருவம் உயர்ந்தது. "சத்தம் கேக்குது, ஒத்துக்கறேன். ஆனா இடி இடிச்சா மழை பெஞ்சதா அர்த்தம் இல்லை. பெஞ்சத யாரு பாத்தா?"

"நான்" என்றாள் குய்லான். கண்ணில் நீர், பாதி புகையால். "கெழவன் உசுரு மேல ஆணையா சொல்றேன்."

"நேத்து புறா மேல ஆணையா சொன்னீங்க."

நாற்றத்தையாவது சாட்சிக்கு அழைக்கலாமென்றால், ஆறு சுருட்டின் வாசனையில் அது அமுங்கிப் போயிருந்தது. யென் நாடியைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். தாங், மூக்குக் குழாய் வைத்த தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பெங்கின் புன்னகை மெல்ல இறங்கியது. குய்லான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடாம இங்கயே இருந்தவங்க வேற யாராவது?" என்று கேட்டார் ஹோ.

எல்லோரும் பக்கத்துத் திரையைப் பார்த்தார்கள். தாங் அதை விலக்கினாள். டிரிப் கம்பியில் சட்டைக் கை மாட்டிக்கொண்டதால் ஓட முடியாமல், ஷாவ் வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கடிகாரம். மறு கை முழங்காலுக்குக் கீழே நாலு விரல்கடை தள்ளி, ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது" என்று முனகினார் பெங். "இவரு போய் நமக்கு சாட்சி சொல்லுவாரா?"

வாத்தியார் நோட்டைப் புரட்டினார். தொண்டையைச் செருமினார். ஹோவின் கைகள் தாமாகத் தொடையோடு ஒட்டிக்கொண்டன.

"எழுதிக்கோ ஹோ. ஒண்ணு முப்பத்தெட்டுக்குப் பக்கத்துக் கட்டில்ல வாயு பிரிஞ்சுது. ஒண்ணு முப்பத்தொம்பதுக்கு மணி அடிச்சுது. காத்துதான் முதல்ல. பெங் சொல்றது அத்தனையும் நெஜம்."

குய்லான் புருஷனின் மொட்டைத் தலையில் ஓங்கி ஒரு முத்தம் வைத்தாள். தாங் குழாய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு கஞ்சிக்கு ஓடினாள்.

ஹோ எழுதிக்கொண்டே கேட்டார். "மாடியே தூங்குற நேரம் சார். நேத்தும் தூங்கலை, இன்னைக்கும் தூங்கலை. நிமிஷக் கணக்கா காது குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, ஏன்?"

மற்றவர்களோடு ஓடிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்த வாத்தியாரின் மனைவி, மடியிலிருந்த காலிக் கஞ்சிக் கிண்ணத்தை மெல்லக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"என்னோடதுக்காகத்தான்ப்பா காத்துக்கிட்டிருக்கேன்" என்றார் ஷாவ் வாத்தியார். "எனக்கு இன்னும் வரவே இல்லை."