இரண்டு முதல் தவில்கள்

இரண்டு தவில்களும் வந்து சேர்ந்துவிட்டன. கனகசபாபதிக்கு நேர்ந்த ஆபத்து அதுதான்.

ஒன்று வராமல் போயிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார். யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பு வெள்ளவத்தையில் கலியாணம் செய்கிறவர்கள் எதிலும் இரண்டு ஒழுங்கு செய்து வைப்பதுதான் வழக்கம். காலி வீதியில் எந்தச் செக்பொயின்றில் யாரை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே ஐயர் இரண்டு, சமையற்காரர் இரண்டு. இருவரும் வந்துவிட்டால் பிந்தி வந்தவரை நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்று காலையும் இரண்டாவது ஐயர் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போய்விட்டார்.

தவில் விஷயம் அப்படியல்ல. தவிலைக் கண்டால் இராணுவத்தினருக்குச் சந்தேகம் வரும். இரண்டு பக்கமும் அடைத்த உருளை. உள்ளே என்ன இருக்கிறதென்று யார் கண்டது? எப்படியும் ஒன்று மறிபடும் என்று கனகசபாபதி கணக்குப் போட்டார். யாழ்ப்பாணப் பாதை பூட்டியபின் கொழும்போடு தங்கிவிட்ட சுழிபுரம் அம்பலவாணருக்கு முதலில் போன் எடுத்தார்.

"இலங்கையிலை முதல் தவில் நீங்கள்தான். சபையிலை மைக்கிலை அப்பிடிச் சொல்லித்தான் உங்களை இருத்துவன். இது என்ர வாக்கு" என்றார்.

போனை வைத்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் தங்கியிருந்த உடுப்பிட்டித் தம்பையாவுக்கு எடுத்து அதே வசனத்தை ஒரு சொல்லும் குறையாமல் சொன்னார்.

அன்றைக்கென்று செக்பொயின்றில் நின்றவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டார்கள்.

கனகசபாபதியின் குடும்பத்தில் இரண்டாந்தரத் தவிலுக்குத் தாலி ஏறியதில்லை. கொடுத்த வாக்கை மாற்றியதும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இந்த இரண்டு பெருமைகளும் மகள் கௌரியின் கலியாணத்தன்று ஒரே காலையில் போய்விடும் போலிருந்தது. அதுவும் மாப்பிள்ளையின் தகப்பன் சிவபாதசுந்தரத்தின் கண்முன்னால். சிவபாதசுந்தரம் பள்ளிக்கூடங்களைப் பரிசோதித்துப் பென்சன் எடுத்தவர். இப்போது கலியாணங்களைப் பரிசோதித்து வந்தார்.

"ஒராளை அனுப்பிவிடுங்கோவன்" என்றார் மனைவி நாகேஸ்வரி.

கனகசபாபதி சால்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு தம்பையா இருந்த அறைக்குப் போனார். தம்பையா விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டிருந்தார்.

"வித்துவான், ஒரு சின்ன விஷயம். உங்களுக்கும் வயசு போகுது. இண்டைக்குச் சாப்பிட்டிட்டு ஆறுதலா..."

அடுத்த அறையிலிருந்து 'திம்' என்று ஒரு அடி கேட்டது. தம்பையா தலையைச் சரித்துக் கேட்டார்.

"உது அம்பலவாணன்ர இடக்கைத் தொப்பி அடி. அப்ப உவனுக்காகவே என்னைப் போகச் சொல்லுறியள்? அப்ப உவன்தான் முதல் தவில்?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை!"

கதவு திறந்தது. அம்பலவாணர் தவிலோடு நின்றார். "ஆர் சொல்லேல்லை? ஐயா எனக்குப் போனிலை வாக்குக் குடுத்தவர்."

"எனக்கும்தான் குடுத்தவர்!"

இருவரும் கனகசபாபதியைத் திரும்பிப் பார்த்தார்கள். கனகசபாபதி சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

"ஓய் தம்பையா, நான் தேருக்கு மல்லாரி வாசிச்ச அண்டைக்குத் தேர் தானா நகர்ந்தது. வடம் பிடிச்ச சனம் கையை விட்டிட்டு நிண்டு பார்த்தது."

"அது தேர் உம்மட அடிக்குப் பயந்து ஓடினது காணும்! நான் வாசிச்சால் தேர் நிக்கும். கேக்கிறதுக்கு நிக்கும்."

"உமக்கு இடக்கை எங்கை பேசுது? கம்பாலை தட்டிற சத்தம் கதவு தட்டிற மாதிரிக் கிடக்கு."

"கதவு தட்டினால் திறப்பினம். நீர் தட்டினால் பூட்டுவினம்!"

இதற்குள் அம்பலவாணருக்கு இருமல் வந்துவிட்டது. தம்பையா அவரைப் பார்க்காமலே தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அம்பலவாணரும் பார்க்காமலே வாங்கிக் குடித்துவிட்டு, "பிறகு?" என்று தொடங்கினார்.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. இருவரையும் மேடைக்குக் கொண்டுபோய் நாதஸ்வரக்காரர் முருகையாவுக்கு இரண்டு பக்கமும் இருத்துவதற்குள் கனகசபாபதியின் சால்வை இரண்டு தரம் விழுந்தது.

"முருகையா, நீர் சொல்லும். எங்கள் ரெண்டு பேரிலை ஆர் பெரிய ஆள்?" என்றார் அம்பலவாணர்.

முருகையா சட்டென்று சீவாளியை வாயில் வைத்து ஊறவைக்கத் தொடங்கினார். நாதஸ்வரக்காரருக்குக் கடவுள் கொடுத்த வசதி அது.

கனகசபாபதி ஒலிபெருக்கி போட வந்திருந்த ஹாஷிமிடம் ஓடினார். வெள்ளவத்தைக் கலியாணங்களுக்கெல்லாம் ஹாஷிமின் ஸ்பீக்கர்தான்.

"தம்பி, ரெண்டு பேரையும் முதல் தவில் எண்டு சொல்லும். ஆனால் ஒராளும் குறையக்கூடாது."

"செல்லலாம் ஐயா. ஆனா எனக்கு ஒரு வாய்தானே ஈக்கிது. ஒருத்தர்ட பேர் முந்தி வருமே?"

"தமிழிலை அம்பலவாணரை முந்திச் சொல்லும். பிறகு சிங்களத்திலை தம்பையாவை முந்திச் சொல்லும்."

அறிவிப்பு முடிந்ததும் தம்பையா எழும்பிவிட்டார். "சிங்களத்திலை முதலாம் ஆளா வந்து எனக்கென்ன? உடுப்பிட்டியிலை ஆருக்கு அது விளங்கும்?"

"தமிழிலை முந்திச் சொன்னால் மட்டும் போதுமே? பிறகு சிங்களத்திலை என்னைப் பிந்தியெல்லே சொன்னது" என்று அம்பலவாணரும் எழும்பினார்.

சபை இரண்டாகப் பிரிந்தது. சுழிபுரத்துப் பக்கத்தார் இடது பக்கக் கதிரைகளுக்கும், உடுப்பிட்டிப் பக்கத்தார் வலது பக்கக் கதிரைகளுக்கும் மாறினார்கள். வேறு ஊர்க்காரர்கள் எங்கே இருப்பதென்று தெரியாமல் நடுவில் நின்றார்கள்.

இந்த நேரத்தில்தான் கனகசபாபதிக்கு ஒரு யோசனை வந்தது. சம்பந்தியைத் தீர்ப்புச் சொல்லக் கேட்டால் அவருக்கும் மரியாதை, தனக்கும் பாரம் குறையும்.

சிவபாதசுந்தரம் மெதுவாக எழுந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பரீட்சை முடிவு வாசிப்பவர்போல இரண்டு வித்துவான்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பாஸ்" என்றார். "ஆனால் முதல் தவில் எண்டால் அது என்ர அம்மாவின்ர சிறிய தகப்பன். அவர் செத்து நாப்பது வருசம். அவருக்குப் பிறகு தவில் எண்டு ஒண்டு இல்லை."

இரண்டு வித்துவான்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அன்றைக்கு முதன்முறையாக ஒற்றுமை ஏற்பட்டது. இருவரும் ஒன்றாகக் குனிந்து, தத்தம் தவிலுக்கு உறை போடத் தொடங்கினார்கள்.

"அப்ப செத்தவரைக் கூப்பிட்டு வாசிப்பியுங்கோ" என்றார் அம்பலவாணர்.

"நாங்கள் பாஸ் பண்ணினது போதும்" என்றார் தம்பையா.

கௌரி கூறை உடுத்து வந்து மணவறையில் இருந்துவிட்டாள். மாப்பிள்ளை தலைப்பாகையோடு வியர்த்துக்கொண்டிருந்தார். தவில் இல்லாமல் தாலி ஏறினால் சம்பந்தி வீட்டார் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

கனகசபாபதி தன் வயதையும் மறந்து மேடையில் ஏறினார். ஹாஷிமின் மைக்கைப் பறித்தார். யாருடைய மனமும் நோகாமல் இந்தப் பட்டத்தைக் கொடுக்கக்கூடிய ஒரே இடம் அவருக்குத் தெரிந்துவிட்டது. பட்டத்தை ஆண்டவனிடமே ஒப்படைத்துவிடுவதென்று முடிவு செய்தார்.

"வித்துவான்மாரே! சபையோரே! மனிசருக்குள்ளை முதல் ஆள், ரெண்டாம் ஆள் எண்டு ஒண்டும் இல்லை. முதல்வன் ஒருத்தன்தான்! அவன்..." என்று சொல்லி வலக்கையின் சுட்டுவிரலை உயர்த்தி மேலே காட்டினார்.

மேடையில் விரல் உயர்ந்தால் கெட்டிமேளம். அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. வழக்கமாக ஐயர் விரலைக் காட்டுவார். ஆனால் எவருடைய விரல் என்று வித்துவான்கள் நின்று பார்ப்பதில்லை. முருகையாவின் நாதஸ்வரம் பிளிறியது. உறைகள் பறந்தன. இரண்டு தவில்களும் ஒரே நேரத்தில் இடித்தன.

சபை எழுந்து நின்றது. அறுகும் அரிசியும் பூவும் மழையாகப் பொழிந்தன. மாப்பிள்ளை பதறி எழுந்து கௌரிக்குப் பின்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டினார். கைகளில் ஒன்றும் இல்லை.

"தாலி எங்கை?" என்றார் மாப்பிள்ளை.

தாலித் தட்டு மேல்மாடி மண்டபத்திலிருந்து கீழே போயிருந்தது. மாப்பிள்ளையின் பாட்டனார் சிவக்கொழுந்துவுக்கு முழங்கால் வருத்தம், படியேற ஏலாது. அவர் ஆசீர்வதிக்கவேணும் என்று சம்பந்தியம்மா தட்டைக் கொண்டு கீழ்மாடிக்கு இறங்கியிருந்தார்.

"நிப்பாட்டுங்கோ!" என்று கனகசபாபதி கத்தினார்.

"நிப்பாட்டக்கூடாது!" என்று ஐயர் அதைவிடப் பெரிதாகக் கத்தினார். "துவங்கின கெட்டிமேளம் தாலி ஏறுமட்டும் நிக்கப்படாது. நிண்டால் அபசகுனம்!"

வித்துவான்கள் நிறுத்துகிற எண்ணத்தில் இருக்கவும் இல்லை. முதலில் நிறுத்துகிறவன் இரண்டாம் ஆள் என்று சபை சொல்லிவிடும். அம்பலவாணர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். தம்பையா கண்ணைத் திறந்துகொண்டு அடித்தார். முருகையாவின் கன்னங்கள் இரண்டும் தேங்காய்போல வீங்கின. பூத் தீர்ந்துபோய், நாகேஸ்வரி கொண்டையிலிருந்த பூவைப் பிய்த்து எறிந்தார். சபையில் ஒருவர் வெற்றிலையை எறிந்தார்.

கீழே சம்பந்தியம்மா மேளத்தைக் கேட்டுத் திடுக்கிட்டார். "மாமா, கெதியாத் தொடுங்கோ!" என்றார்.

"ஆற்ற கலியாணம்?" என்றார் சிவக்கொழுந்து.

"உங்கட பேரன்ர!"

"எப்ப?"

"இப்ப!"

அவர் தட்டைத் தொட்டுக் கும்பிட்டு முடிந்ததும் சம்பந்தியம்மா படியேறத் தொடங்கினார். ஓடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஓடுவது மரியாதை அல்ல. பெண் வீட்டார் படிகளின் உச்சியில் நின்று கைகூப்பி, "அம்மா, ஓடி வாங்கோ!" என்று கெஞ்சினார்கள். கெஞ்சக் கெஞ்சச் சம்பந்தியம்மாவின் நடை நிதானமானது.

அவருக்கு முன்னால் இன்னொரு ஆள் படியேறி ஓடி வந்தார். எதிர்ப்பக்கக் காவல் சென்றியில் நின்ற பொலிஸ்காரர். கையில் துவக்கு.

"மொக்கத மே சத்தே?" என்று, இது என்ன சத்தம் எனச் சிங்களத்தில் அதட்டினார்.

"மகுல் கெதர, சேர்! கலியாணம்!" என்று ஹாஷிம் அவருடைய காதுக்குள் கத்திவிட்டு, அவருடைய கையில் ஒரு பிடி அரிசியைத் திணித்தான். பொலிஸ்காரர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் எறிந்துகொண்டிருந்தார்கள். அவரும் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மரியாதையாக எறிந்தார்.

கடைசியில் தட்டு வந்தது. தாலி ஏறியது. ஐயர் கையை விரித்துக் காட்டினார். இரண்டு தவில்களும் ஒரே அடியில் நின்றன. ஒரு மயிரிழையும் முன்பின் இல்லை.

மண்டபத்தில் எல்லோருக்கும் காது அடைத்துப்போயிற்று. பிறகு சுழிபுரமும் உடுப்பிட்டியும் சேர்ந்து கைதட்டின.

சிவபாதசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன.

"சம்பந்தியார்," என்றார், "எங்கட குடும்பத்திலை இவ்வளவு நீளமான கெட்டிமேளத்துக்கு ஆருமே தாலி கட்டினதில்லை. என்ர அம்மாவின்ர சிறிய தகப்பனும் இப்பிடி வாசிச்சதில்லை."

கனகசபாபதியின் முதுகு நிமிர்ந்தது. அவர் மைக்கை மறுபடி எடுத்து, இம்முறை கையைக் கவனமாகக் கீழே வைத்துக்கொண்டு, "இலங்கையிலை முதல் தவில் ரெண்டு!" என்று அறிவித்தார். இரண்டு வித்துவான்களுக்கும் பட்டுச் சால்வை போர்த்தினார். கொடுத்த வாக்கு இரண்டும் நின்றன. குடும்ப மானமும் நின்றது.

ஆனாலும் முன்னெச்சரிக்கையாக ஒருவரைச் சாப்பாட்டு மண்டபத்தின் ஒரு கோடியிலும் மற்றவரை மறு கோடியிலும் இருத்தி, நடுவில் வெளியூர்க்காரர்களைப் போட்டார்.

பாயசம் பரிமாறும் நேரத்தில் படியேறி ஒரு பெண் வந்தாள். கையில் குடை, நெற்றியில் பெரிய பொட்டு.

"ஆர் பிள்ளை நீர்?" என்றார் கனகசபாபதி.

"தம்பையா வித்துவான்ர பெண்சாதி ஐயா. அவர் சாப்பிட்டிட்டாரே?"

கனகசபாபதி அவளை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, பயப்படாதையும். அம்பலவாணரும் உள்ளைதான் இருக்கிறார். காலமை ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. ஒராளையாவது திருப்பி அனுப்புவம் எண்டு பார்த்தன், ஏலாமல் போச்சு. இப்ப தூரத் தூர இருத்தியிருக்கிறன்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பாயசம் குடிக்க முந்தி ரெண்டு பேரையும் கெதியா எழுப்பி விடுங்கோ ஐயா. என்ர மனுசனும் கூடப்பிறந்த அண்ணையும் நாளைக்குக் கொட்டாஞ்சேனைக் கலியாணத்திலையும் சண்டை பிடிக்கவேணும், தொண்டை கட்டிப்போடும்."