கீபோர்டுக்குள் போன ‘என்னங்க’

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அக்காவும் நலம், ஒரே ஒரு சொல்லைத் தவிர. அங்கே நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று, “சும்மா உக்காந்தா துருப்பிடிச்சிடுவீங்க அத்தான்” என்று ஒரு கீபோர்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவனுக்கு மின்னணு இசை என்ன தெரியும்? வகுப்பில் சேர்ந்தேன். முதல் பாடம் சாம்பிள் எடுப்பது. ஏதாவது ஒரு சத்தத்தை மைக்கில் பிடித்துக் கட்டைகளில் ஏற்ற வேண்டும். வலது பக்கக் கட்டையை அழுத்தினால் அதே சத்தம் மெலிந்து மேலே போகும், இடது பக்கம் தடித்துக் கீழே இறங்கும். அட, நம்ம லிஃப்ட் மாதிரிதானே என்று தெம்பாகிவிட்டேன்.

வீட்டுப்பாடத்துக்குச் சமையலறைக் கதவின் கிரீச்சைப் பிடித்தேன். மறுநாள் கதவு வாயே திறக்கவில்லை. நான் எண்ணெய் விட்டேன் என்று நினைத்து, கல்யாணமாகி முதல் தடவையாக உன் அக்கா என்னைப் பாராட்டினாள். வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்தது குழாய்ச் சொட்டு. அதன் பிறகு தண்ணீர் சொட்டுகிறது, சத்தம் இல்லை. கீபோர்டிலிருந்து கிரீச்சை அழித்துப் பார்த்தேன், கதவு மறுபடி கிரீச்சிட்டது. புத்தியுள்ளவன் அத்தோடு நிறுத்தியிருப்பான். நானோ உன் அக்கா “என்னங்க” என்று கூப்பிட்டதைப் பிடித்துவிட்டேன்.

மூன்று நாளாகிறது. மற்றதெல்லாம் பேசுகிறாள், திட்டுவதில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சொல்லுக்கு மட்டும் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. “ஒரு தடவை கூப்பிடேன்”னு கெஞ்சினா, “கூப்பிட்டுட்டுத்தானே இருக்கேன்”ங்கறா.

அழித்துவிட்டால் திரும்பி வந்துவிடும், தெரியும். ஆனா கை வரலை மச்சான். வலது கோடிக் கட்டையை அழுத்தினால், கல்யாணமான புதிதில் கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்ட பெண். இடது பக்கம் இறங்க இறங்க, நான் இன்னும் பார்க்காத கிழவி. கடைசிக் கட்டையில் குரலே இல்லை, யாரோ மூச்சு விடுவதுதான் கேட்கிறது. அதில் விரல் வைக்கப் பயமாயிருக்கு, வைக்காமலும் இருக்க முடியலை. அவள் தன் வாயால் என்னைக் கூப்பிட வேண்டும். நீ வந்து அழிச்சிட்டுப் போ.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எப்போதும் சத்தமாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், பிரிச்சுப் படிச்சிட்டேன். கட்டையில என் குரல் கேட்டதுமே, அந்தச் சொல்லையும் குழாய்ச் சொட்டையும் முந்தாநாளே நான் அழிச்சாச்சு. கீபோர்டில் இப்ப ஒண்ணுமே இல்லை, அழுத்தினா கட்டை தட்டுற சத்தம்தான் வருது. ஆனா அவர் அழுத்தி அழுத்திக் கேட்டுத் தலையாட்டறார். நான் பின்னாடியே நின்னு தொண்டை கிழியக் கூப்பிடறேன், திரும்பவே மாட்டேங்கறார். பயமாயிருக்குடா. நீ கூப்பிட்டாலாவது திரும்பறாரா பாப்போம், சீக்கிரம் வா. ஆனா உள்ளே வந்ததும் வாயைத் திறந்துடாதே. மைக்கை எங்க வெச்சிருக்கார்னு எனக்கே தெரியலை.