ஆறு குழாய்த் துப்பாக்கியும் நாலு படி கேப்பையும்

பீர் முகமது பாய் சொன்ன துப்பாக்கிக் கதையைப் பல வருடங்களாகவே நான் சந்தேகித்து வந்திருக்கிறேன். முழுவதையும் அல்ல, பின்பாதியை மட்டும். நினைக்கும்போதெல்லாம் கோபம் வரும். யார் மேல் என்பதுதான் முடிவாகாது.

அப்போது நான் ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். வஜ்ரபுரி என்று ஒரு கற்பனை ராஜ்யம். கோட்டையை எதிரி வளைத்துவிட்டான். என் தளபதியிடம் ஒரு துப்பாக்கி. கைப்பிடியைச் சுற்றினால் தோட்டா மழை. அந்த அத்தியாயத்தைப் படித்த ஆசிரியர் தாள்களை மேஜைமேல் எறிந்தார்.

“இது துப்பாக்கியா, திருவிழா ராட்டினமா? சுத்துறவனுக்குக் கை வலிக்காதா? மூச்சு வாங்காதா? நம்புற மாதிரி எழுதிட்டு வாரும். இல்லேன்னா கதையை நிறுத்திருவேன்.”

ராட்டினம்! ரத்தம் கொதிக்க, பழங்காநத்தம் வரை நடந்தே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சபதம் போட்டேன்.

“சோலை! வஜ்ரபுரி ஜெயிக்கிற வரைக்கும் எங்கிட்ட ஒரு வேலையும் சொல்லக் கூடாது!”

“இதுக்கு முந்தி என்னத்தச் செஞ்சு கிழிச்சீக?” என்றாள் என் மனைவி சோலையம்மாள்.

“அந்தத் துப்பாக்கியைக் கண்ணால பாத்த ஆளு வேணும்டி.”

“பக்கத்து வீட்டு பாய் ரங்கூன் பட்டாளத்துல சமையக்காரரா இருந்தவருதானே? இருங்க, சபுராகிட்டச் சொல்லி வரச் சொல்றேன்.”

சபுரா, பாயின் மனைவி. சுவரோரம் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். என் இலக்கியத்தின் மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன்.

சாயங்காலம் பாய் வந்தார்.

“பட்டாளத்துக் கிடங்குல பழசு ஒண்ணு கிடந்துச்சுண்ணே. ஆறு குழாய், வட்டமா. பின்னால கைப்பிடி. மேலருந்து தோட்டா ஒவ்வொண்ணா விழும். சுத்தச் சுத்தக் குழாய் மாறி மாறி வெடிக்கும்.”

“சுத்துறவன்?”

“அதான் சங்கதி. அவசரப்பட்டா தோட்டா சிக்கிக்கிரும். அசந்தா எதிரி வந்துருவான். ஒரே சீரா சுத்தணும். அதுக்கு...”

பாய் நிறுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் சபுரா இருமினாள்.

“அதுக்கு, புதுசா வர்றவன்கிட்ட முதல்ல திருகையைக் குடுத்துருவாங்க. மாசக்கணக்கா மாவு அரைச்சாத்தான் துப்பாக்கியத் தொடவே விடுவாங்க.”

சொல்லி முடிப்பதற்குள் சோலையம்மாள் திருகையைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பக்கத்தில் நாலு படி கேப்பை.

“இம்புட்டையுமா?”

“எதிரி எம்புட்டுப் பேரு?”

“பத்தாயிரம்.”

“அப்ப இது பத்தாது.”

சுற்றினேன். தோள் கழன்றது. ஆசிரியரை நினைத்தேன்; ஆத்திரம் வந்தது. வெறி பிடித்தவன் போலச் சுற்றினேன். கேப்பை அரைபடாமல் முழுசு முழுசாக வெளியே கொட்டியது.

“சிக்கிருச்சு! தளபதி செத்தாரு,” என்றாள். “அள்ளிப் போட்டு முதல்லருந்து சுத்துங்க.”

“போடி உள்ளே!”

“போறேன். தோட்டா தீந்தாக் கூப்பிடுங்க. கம்பு இருக்கு.”

ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தியாயம் அபாரமாக அமைந்தது. ஆசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், வலியில் அலறினேன். “யுத்தத்தை நீட்டும்!” என்றார். நீட்டினேன். வஜ்ரபுரி ஆண்டுக்கணக்கில் போரிட்டது. ஆண்டுக்கணக்கில் எங்கள் வீட்டு மாவையும் நானே அரைத்தேன்.

பிறகு பழங்காநத்தத்தில் மாவு மில் திறந்தார்கள். மறுநாளே திருகை கொல்லைக்குப் போய்விட்டது.

“பயிற்சி?” என்றேன்.

“போதுங்க. உங்களுக்குத்தான் கைவந்துருச்சே.”

கோட்டை மதிலில் எதிரி அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தான். அவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழுத்தாளனா, ஏமாளியா? இரண்டும் ஒரே ஆள்தானா? யோசிக்க யோசிக்க உடம்பெல்லாம் எரிந்தது. நேராக பாய் வீட்டுக்குப் போனேன். வாய் நிறைய வசவோடுதான் போனேன்.

பாய் சட்டைக் கையை மடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். வலது கை, இடது கையைவிட ஒன்றரைப் பங்கு பருத்திருந்தது. என் வலது கையைப் பார்த்தேன். அதே பருமன். என் பார்வை போன இடத்தைக் கண்டதும் பாய் அவசரமாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

கொண்டுபோன வசவுக்குப் பதிலாகக் கேள்வி ஒன்றுதான் வெளியே வந்தது.

“பாய், நெசத்தைச் சொல்லுங்க. உங்க வீட்டுல எந்த யுத்தத்தைச் சொல்லி அரைக்க விட்டாங்க?”