இடி இடித்தால் கேபிளைப் பிடுங்கு

செத்தவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் சும்மா பேச்சா? உயிரோடு இருந்த காலத்தில் "ம்" என்பதற்கு மேல் வாய் திறக்காத அப்பாக்கள் எல்லாம் மேலே போனதும் மூச்சு விடாமல் பேசினார்கள். கடைவீதிக் கோடியில் மூடிப்போன பேக்கரி ஒன்று உண்டு. அதன் மாடிதான் மேலுலகத்தின் கிளை அலுவலகம். விடிவதற்குள் படிக்கட்டு நிறைந்துவிடும். வரிசை தெருவைத் தாண்டி மருந்துக்கடை வாசல்வரை நீளும். மருந்துக்கடைக்காரருக்குச் சந்தோஷம்தான். நின்று நின்று எல்லோருக்கும் கால்வலி.

கிளை மேலாளரின் பெயர் அலையானந்தர். போன வருஷம்வரை வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் வடிகட்டி விற்றவர். அப்போது தண்ணீரைச் சுத்தம் செய்தார், இப்போது ஆத்மாக்களைச் சுத்தம் செய்கிறார். வாரன்டி மட்டும் இரண்டுக்குமே கிடையாது.

அவருடைய மூலதனம் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கருப்புப் பெட்டி. பொழுதுபோக்காக உலகம் பூராவும் பேசிக்கொள்கிறவர்கள் உரிமம் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோ அது. பேசவும் கேட்கவும் அந்த ஒரே பெட்டி போதும். முகத்தில் ஒரு வண்ணத் திரை. காற்றில் வரும் சிக்னல்கள் எல்லாம் அதில் கோடு கோடாக அருவிபோல இறங்கும். தெரிந்தவனுக்கு அது சிக்னல். அலையானந்தருக்கு அது ஆவி. சிவப்புக் கோடு கோபமாகச் செத்தவர்கள், மஞ்சள் நிம்மதியாகச் செத்தவர்கள், நீலம் தாங்கள் செத்ததே இன்னும் தெரியாதவர்கள். இப்படி அவர் விளக்கும்போது படித்தவர்கள்தான் முதலில் தலையாட்டினார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் பேராசிரியர் ஒருவர், ஆற்றலை அழிக்க முடியாது என்று அறிவியலே சொல்கிறது என்று எடுத்துக்கொடுத்தார். அவரிடம் படிக்கிற பிள்ளைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

செத்தவர்கள் காசு கேட்கவில்லை. அவர்கள் கௌரவமானவர்கள். சாமான்தான் கேட்டார்கள். வங்கி மேலாளரின் அப்பா கீழே இறங்கி வரும்போது வியர்க்கிறது என்றார். மறுநாளே மேலாளர் வீட்டு ஏசி பேக்கரி மாடிக்கு வந்தது. இன்னொருவரின் பெரியம்மாவுக்கு உட்கார நல்ல சோபா வேண்டியிருந்தது. உடம்பே இல்லாதவளுக்கு எதற்கு சோபா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்த ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு முழித்தவர் பல் டாக்டர். காரணம், அதே பெட்டி, அதே மாடல், அவர் வீட்டு மேசையிலும் இருந்தது. அதை அவர் லேசில் வாங்கிவிடவில்லை. ஒரு வருஷம் ஆராய்ந்தார். நண்பர் வீட்டில் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஆன்டெனாவில் மாற்றி மாற்றிப் போட்டு, இரைச்சலுக்கு நடுவில் ஈனஸ்வரத்தில் முனகுகிற தூரத்து ஆள் எதில் தெளிவாகக் கேட்கிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தன்னைக் கட்டிக்கொள்ளப் பத்தே நிமிஷத்தில் சம்மதித்த மனுஷன், ஒரு டப்பாவுக்கு வருஷம் எடுத்துக்கொண்டாரே என்பது அவர் மனைவிக்கு ஆறாத ஆதங்கம். இப்போது அந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல ஆகிவிட்டது.

"அதே பெட்டிதானே உங்ககிட்டயும் இருக்கு?" என்றாள். "அவர் செத்தவங்களையே கூட்டிட்டு வர்றார். நீங்க எவனையோ புடிச்சு, அங்க மழையா வெயிலான்னு கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. டாக்டர் உண்மையிலேயே மழையா வெயிலா என்றுதான் கேட்பார்.

அவளும் ஒருநாள் வரிசையில் நின்றாள், அவரையும் இழுத்துக்கொண்டு. காத்திருக்கும் இடத்தில் அன்பாகப் பேசும் ஒரு அக்கா இருந்தாள். யாரைப் பார்க்க வந்தீர்கள், எப்படிப் போனார்கள், உங்களோடு எப்படி இருந்தார்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தாள். அந்த அக்கா அலையானந்தரின் மனைவி என்பதும், அவள் அடிக்கடி பின்னறைக்குப் போய் வருவதும் யார் கவனத்துக்கும் வரவில்லை. இவள் கண்ணீரோடு கொட்டினாள். மாமியார் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, இரவெல்லாம் விழித்துப் பார்த்தவள் அவள்தான். மாமியார் வாயிலிருந்து வந்ததோ ஒரே வாசகம்: "ஜன்னலைச் சாத்து." தூறல் போட்டாலும் ஜன்னலைச் சாத்து, இடி இடித்தாலும் ஜன்னலைச் சாத்து. நீ நன்றாக இருக்கிறாயா என்று ஒருநாள் கேட்டதில்லை.

உள்ளே போனார்கள். பெட்டி கரகரத்தது. பக்கத்தில் பட்டுத்துணி போர்த்திய மர ஸ்பீக்கரிலிருந்து ஒரு பாட்டியின் குரல் வந்தது.

"ராசா, நீயும் வந்தியா? மருமகளே, என்னை நீ நல்லா பாத்துக்கிட்டே. உன்னை மாதிரி யாரும் பாத்திருக்க மாட்டாங்கம்மா."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அந்த அழுகையைப் பார்த்ததும் டாக்டரும் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். ஆனாலும் பாழாய்ப்போன பழக்கம் விடுமா? கண் மீட்டருக்குப் போனது. அம்மா பேசும்போது சிக்னல் மீட்டர் அசையவே இல்லை. திரையில் புதிதாக ஒரு கோடுகூட விழவில்லை. கரகரப்பு பெட்டியிலிருந்து வந்தது, அம்மா மட்டும் மர ஸ்பீக்கரிலிருந்து வந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அதைச் சொன்னார். அம்மா தன்னை "ராசா" என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டதெல்லாம் "டேய்"தான் என்றும் சொன்னார். இதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா கால்சைன் சொல்லவில்லையே என்றும் சொல்லிவிட்டார். உரிமம் உள்ள எவரும் தமக்கு ஒதுக்கிய அந்த அடையாளக் குறியைச் சொல்லாமல் காற்றில் பேசக்கூடாது என்பது அவர்கள் கூட்டத்தின் சட்டம். செத்துப்போன தாயிடம் லைசென்ஸ் கேட்ட மகனை மனைவி பார்த்த பார்வையில் டாக்டர் தன் வாய்க்குத் தானே கிளிப் போட்டுக்கொண்டார்.

அடுத்த தடவை அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். வரிசை நீண்டுவிட்டதாம், ஒரே பெட்டியில் எல்லா ஆவிகளும் முட்டிக்கொள்கின்றனவாம், ஆண் ஆவிக்குத் தனியாக இன்னொரு பெட்டி வேண்டுமாம். "ராசா, உன் பெட்டியைச் சாமிக்குக் குடுத்துடு." உயிரோடு இருந்தபோது அதைக் கரகரப் பெட்டி என்று திட்டியவள், இப்போது மாடல் பெயரைப் பிழையில்லாமல் சொன்னாள்.

டாக்டர் ஒரு சின்னச் சோதனை கேட்டார். பின்னாலிருக்கும் ஆன்டெனா கேபிளை ஒரு நிமிஷம் கழற்றிப் பார்க்கலாமா? காற்றில் வருகிறவர்கள் அந்தக் கேபிள் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். வேறு வாசல் கிடையாது.

அலையானந்தர் சிரித்தார். "சந்தேகம் இருக்கற இடத்துல சிக்னல் வராது டாக்டர்." கூட்டம் கைதட்டியது. இயற்பியல் பேராசிரியர் அதைக் குறித்தே வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் டாக்டர் இறங்கி வந்தார். பெட்டி போனால் இன்னொன்று ஆராயலாம். ஆனால் தன் முகத்தையே பார்க்காமல் தட்டு வைக்கிற மனைவியை எந்த ஆன்டெனாவில் போட்டுத் திருத்துவது? கொடுத்துவிடலாம் என்றார்.

கொடுக்கிற நாள் மத்தியானம் வானம் கருத்துக் கிடந்தது. டாக்டர் தன் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்க வந்தவர் முகம். மனைவி அலையானந்தரின் மேசையை ஒட்டி நின்றாள். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அலையானந்தர் கத்தித்தான் அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. அம்மா வந்தாள். ராசா வந்துட்டியா, பெட்டியைக் கொண்டாந்தியா, உன் குலம் தழைக்கும் என்று ஆரம்பித்தாள்.

அப்போது பளீரென்று ஒரு மின்னல். கூடவே கட்டடத்தை உலுக்கிய இடி.

இந்த இடத்தில் ரேடியோக்காரர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இடி இடித்தால் முதல் வேலை கேபிளைப் பிடுங்குவது. இல்லாவிட்டால் ஆன்டெனாவில் விழுகிற மின்னல் பெட்டியோடு வீட்டையும் சேர்த்துக் கொளுத்திவிடும். டாக்டர் பகலெல்லாம் யாராவது ஒருவர் வாய்க்குள் இருப்பார். ஆகவே அந்த வேலை எப்போதும் அவர் மனைவியுடையது. அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடி, பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு, பார்க்காமலேயே திருகிக் கழற்றிவிடுவாள். கைக்கு யோசனை தேவையில்லை.

அன்றும் கை யோசிக்கவில்லை. இடி முடிவதற்குள் அவள் கை பெட்டியின் பின்னால் போய்த் திருகியது. கேபிள் அவள் கையோடு வந்துவிட்டது.

கரகரப்பு சட்டென்று அடங்கியது. திரையில் கொட்டிக்கொண்டிருந்த அருவி வற்றி இருண்டது. சிவப்பு ஆவி, மஞ்சள் ஆவி, நீல ஆவி, ஒன்றும் மிச்சமில்லை. அலையானந்தர் வாயைத் திறந்தபடி நின்றார்.

அம்மா மட்டும் நிற்கவில்லை.

"...ஏழு தலைமுறைக்கும் நல்லா இருப்பே ராசா, பெட்டியோட அந்த மைக்கையும் குடுத்துடு..."

மருமகள் தன் கையிலிருந்த கேபிளைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். மறுபடி கேபிளைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் எட்டிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். திரை செத்தது. அம்மா சாகவில்லை. சுவரிலிருந்த பிளக்கையும் பிடுங்கினாள். அம்மா இப்போது மைக்கின் ஸ்டாண்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை," என்றாள் அவள், ரொம்பவும் மெதுவாக. "இந்த இடி இடிச்சுதே. ஜன்னலைச் சாத்துன்னு ஏன் சொல்லல?"

பதிலுக்கு அத்தை தும்மினாள். நல்ல கனமான ஆண் தும்மல். வங்கி மேலாளர் வீட்டு ஏசி பின்னறையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. டாக்டர் மடியிலிருந்த பெட்டியைப் பத்திரமாக நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போய், மர ஸ்பீக்கரின் பட்டுத்துணியைத் தூக்கினார். உள்ளே கல்லூரிப் பிள்ளைகள் பாட்டுக் கேட்கிற புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று நீலக் கண்ணைச் சிமிட்டியது. வங்கி மேலாளர் பின்னறைக் கதவைத் தள்ளினார். அலையானந்தரின் மச்சான் போர்வையைப் போர்த்திக்கொண்டு, குரலை மாற்றுகிற ஆப்பைத் திறந்து வைத்த போனோடு சோபாவில் படுத்திருந்தார். பேச்சை மாற்றிய ஆப்புக்குத் தும்மலை மாற்றத் தெரியவில்லை. மழைச் சத்தத்தில் முன்னறையில் நடந்தது எதுவும் அவர் காதில் விழவில்லை. கதவு திறந்ததைப் பார்த்ததும் பதறிப்போய் அவர் "யாருடா அது?" என்றது, முன்னறை ஸ்பீக்கரில் பாட்டிக் குரலிலேயே கேட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? அலையானந்தர் மாடியிலிருந்து இறங்கிய வேகத்துக்கு எந்த அலைவரிசையும் ஈடாகாது. வங்கி மேலாளர் ஏசியைக் கழற்ற ஆள் தேடினார். போலீஸ் வருவதற்குள் சோபாவைப் பிடித்துக்கொண்டு மூன்று குடும்பங்கள் சண்டை போட்டன. இயற்பியல் பேராசிரியர் மட்டும் கொள்கையளவில் அது சாத்தியம்தான் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை தூறலாகக் குறைந்ததும் இருவரும் நடந்தார்கள். பெட்டி அவர் தோளில், குடை அவள் கையில். அவள் அழுதாள்.

"அப்போ நல்லா பாத்துக்கிட்டேன்னு அத்தை சொல்லவே இல்லை, இல்ல?"

"சொல்லல," என்றார் டாக்டர். "சொல்லவும் மாட்டாங்க. அவங்க வாய் அப்படி."

"நீங்க சொல்லியிருக்கலாம்ல? நீங்க உயிரோடதானே இருந்தீங்க?"

டாக்டர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பூமியின் அந்தப் பக்கம் இருப்பவனிடம் தினமும் பேசுகிறார். பக்கத்து அறையில் தன் தாயைத் தூக்கி உட்காரவைத்தவளிடம் ஒருநாளும் பேசவில்லை. வெட்கமாக இருந்தது.

"நான் பாத்தேன்," என்றார். "எல்லாத்தையும் பாத்தேன். அம்மாவை உன்னை மாதிரி நான்கூடப் பாத்துக்கலை." பெட்டியின் கனம் அழுத்த, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அவள் குடையை அவர் பக்கம் சாய்த்தாள். பெட்டி நனையக்கூடாது என்று சொல்லிக்கொண்டாள்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். நம் ஜனங்களை அவ்வளவு குறைவாக எடைபோடக்கூடாது. மறுநாள் காலையில் டாக்டர் வீட்டு வாசலில் வரிசை நின்றது. முன்னால் பேராசிரியர். அலையானந்தரின் பெட்டிதான் போலி என்பது நிரூபணமாகிவிட்டதாம். அப்படியென்றால் அசல் பெட்டி இங்கேதானே இருக்கவேண்டும்? தன் அப்பாவை ஒரே ஒரு தடவை கூப்பிட்டுத் தரும்படி பணிவாகக் கேட்டார்.

பல் டாக்டரின் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். கையில் அந்தக் கேபிள்.

"உங்க அப்பா வரமாட்டார் சார். ஆனா அவர் போறப்போ உங்களுக்கு ஒரு மூளையைக் குடுத்துட்டுப் போயிருக்கார். ரொம்ப நாளா அது ஒரு மூலையில கெடந்து உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க. ஓவர்."

கதவைச் சாத்தினாள். ஜன்னலையும்தான்.