டாக்டர் முகத்துக்கு எத்தனை கோடு?

“மூக்கு எங்கே?” என்று கேட்டார் பல் டாக்டர்.

ஓவியர் மடிக்கணினியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தாள். “கன்னத்துல நிழல் விழுதே சார், அதுதான்.”

“நிழல் சரி. அந்த நிழலுக்குச் சொந்தமான மூக்கு?”

கிளினிக்கின் புது வாசல் கண்ணாடியில் ஆளுயரத்துக்கு ஒட்டப்போகிற டாக்டரின் படம் அது. கணினியில் கோடும் வளைவும் வண்ணத் துண்டுகளுமாக வரைகிற வெக்டர் ஓவியம். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கிய அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. தெருவே பார்க்கப் போகிறது.

ஒரு முகத்திலிருந்து எதையெல்லாம் எடுத்த பிறகும் அது அதே முகமாக இருக்கும் என்ற கேள்வி படிக்கிற காலத்திலிருந்தே அவளைக் குடைந்துகொண்டிருந்தது. டாக்டரின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு பாதி முகத்தை எடுத்துவிட்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அவர் இன்னும் அங்கேயேதான் இருந்தார்.

“சுருக்கம், நரை, மீசையில ஒவ்வொரு முடியும் வரணும்மா. பாக்கறவன் போட்டோன்னு நினைக்கணும்” என்றார் டாக்டர்.

மீசைக்கு முடி முடியாக நட்டாள். கன்னத்தில் சாயல் மேல் சாயலாக அடுக்கினாள். மறுபடி கொண்டுவந்து காட்டியபோது டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

கிளினிக் நிர்வாகம் முழுக்க அவர் மனைவி கையில். அந்த அம்மாளும் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, இது என்ன, வெந்த உருளைக்கிழங்கு மாதிரி? முதல்ல வரைஞ்சதுதான் அழகு. மூக்கே வேண்டாம். இப்பல்லாம் அப்படித்தான் போடறாங்க.”

“மூக்கில்லாம நான் எப்படி மூச்சு விடறது?”

“படத்துல எதுக்கு மூச்சு விடணும்?”

இருவரையும் பகைத்துக்கொள்ள முடியாமல் ஓவியர் முகத்தை நடுவே பிரித்தாள். இடப் பாதி டாக்டர் இஷ்டப்படி, வலப் பாதி மேடம் இஷ்டப்படி.

டாக்டர் அதைத் தொழில் அக்கறையோடு உற்றுப் பார்த்தார். “ஊசி போட்டு ஒரு பக்கம் மரத்துப்போன ஆள் மாதிரி இருக்கு.”

“இதை வாசல்ல ஒட்டினா ஒருத்தரும் உள்ள வர மாட்டாங்க” என்றார் மனைவி. பல நாளைக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். அதற்கப்புறம் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. “உங்க சார்கிட்டயே கேட்டுக்கம்மா” என்று மனைவியும், “மேடம் சொன்னா சரி” என்று டாக்டரும் அவளைப் பந்தாடினார்கள்.

வேலை கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்தாள். கூடவே தன் பழைய கேள்விக்கு விடை கிடைக்குமோ என்ற ஆர்வமும் எட்டிப் பார்த்தது.

“மேடம், பேஷன்டுங்களையே கேப்போமே. சாரை வருஷக்கணக்கா பாக்கறவங்க அவங்கதானே.”

காத்திருப்பு அறையில் மூன்று படங்களையும் அச்சடித்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் உயிர் வந்தது.

“கண்ணு அச்சு அசல் அவரேதான்” என்றாள் பல்லுக்குக் கம்பி கட்டியிருந்த பெண், டாக்டர் கேட்டபடி வரைந்த படத்தைக் காட்டி. “மீசைதான் ரொம்ப ஜாஸ்தி.”

“மீசை இருக்கட்டும், உதடு பெருசு” என்றார் இன்னொருவர்.

கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் எழுந்து கிட்டே வந்தார். “முகவாய் இவ்வளவு அகலம் கிடையாதும்மா. மூக்கும் இன்னும் கூரா இருக்கணும். என் வாயில பாதிப் பல்லை எடுத்தவர் அவர். எனக்குத் தெரியாதா?”

அவர் சொன்ன உறுதியில் அவள் மயங்கிப்போனாள். அங்கேயே உட்கார்ந்து கணினியில் முகவாயைச் சுருக்கினாள், மூக்கைக் கூராக்கினாள், மீசையைக் குறைத்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அறையே தலையாட்டியது.

“இப்பதான் டாக்டர்” என்றார் பெரியவர் திருப்தியாக.

மனைவி வந்து திரையைப் பார்த்தார். “யார் இது?”

சத்தம் கேட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே டாக்டரும் வெளியே வந்தார். திரையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நான் இப்படியா இருக்கேன்?” என்று மாஸ்கைக் கீழே இறக்கினார்.

பெரியவர் படத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“ஓ, மாஸ்குக்குள்ள டாக்டர் இப்படித்தான் இருப்பாரா?”