அரைக்காரில் போன சம்பந்தி

சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு திறமை. சிலருக்கு அது பிறவியிலேயே வாய்த்துவிடுகிறது. எனக்கு வாய்க்கவில்லை. பள்ளியில் இறைவணக்கத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன். பஸ்ஸில் போனால் டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் என் வலது காலும் தரையை அமுக்கும். இப்படிப்பட்ட பெண்கள் கல்யாணமாகிப் போன முதல் வருடத்திலாவது வாயையும் காலையும் கட்டிப்போட வேண்டும். நான் இரண்டையும் கட்டவில்லை. அதனால்தான் என் நாத்தனாரின் நிச்சயதார்த்தப் படங்களில் ஒன்றில்கூட மாப்பிள்ளையின் அப்பா இல்லை.

எனக்குப் பிறந்த ஊர் மல்லாங்கிணறு. வாக்கப்பட்டது விருதுநகரில். கணவர் செந்தில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். மாமனார் பஜாரில் பருப்புக் கடைகளுக்கு மூட்டை அடிக்கும் வாடகை வண்டி வைத்திருந்தார். வண்டி என்றதும் நீங்கள் மனதில் எதை நினைத்தாலும் அது இல்லை.

யாரோ ஒரு புண்ணியவான் ஓட்டி ஓய்ந்த பழைய அம்பாசிடர் காரை வாங்கி, முன்சீட்டுக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் அறுத்தெறிந்துவிட்டு, ஒரு லாரியில் கழித்துப் போட்ட பலகைகளை வைத்துத் தொட்டி கட்டியிருந்தார் மாமா. முதுகுப் பக்கம் காற்று வராமல் இருக்க அச்சகத்தில் வீணாய்க் கிடந்த அலுமினியத் தகட்டை அடித்திருந்தார். அதில் ஏதோ ஒரு பாத்திரக் கடையின் காலண்டர் மங்கலாகத் தெரியும். (மாதம் எப்போதும் சித்திரைதான்.) இடது கதவுக்குக் கயிறு. வலது கதவுக்கு அதுவும் இல்லை. முழங்கையால் இடித்தால் சாத்திக்கொள்ளும். வீட்டில் அதற்கு அரைக்கார் என்று பெயர்.

"முன்னால நின்னு பாத்தா காரு. பின்னால நின்னு பாத்தா லாரி. யாரு எந்தப் பக்கம் நிக்காகளோ, அவுகளுக்கு அது அதுதான்" என்பார் மாமா, பெருமையாக. எனக்கு அந்த வீட்டில் முதலில் பிடித்துப்போனது அந்த வண்டிதான். (செந்தில் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) காலையில் தெருவில் நாலு பேர் தள்ளி அது உறுமும்போது, அடுப்படியில் நிற்கும் என் கால் தானாகத் தாளம் போடும்.

நாத்தனார் முத்துவுக்குச் சாத்தூரில் சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளையின் அப்பா தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருப்பவர். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் அவர் பேசிய ஒரே சொல் "போதும்" என்பது. அதுவும் காபிக்கு. சிரிக்கவே சிரிக்காத அந்த மனிதரிடம் அத்தை, அதாவது என் மாமியார், மிகவும் பயந்தார். சொந்தக்காரர்கள் அதிகம் என்பதால் நிச்சயதார்த்தத்தைச் சாத்தூரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாற்றிவிட வேண்டும், இரண்டும் அவர் வீட்டு நிபந்தனை.

அன்று காலை, பட்டுப்புடவை, பழத்தட்டு, பலகாரக் கூடைகளை ஏற்றிப் போக வரவேண்டிய குட்டியானை லோடு வண்டி வரவில்லை. தீபாவளி சீசன். பேசியிருந்த வண்டிக்காரர் விடியும்போதே பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு திருச்சிப் பக்கம் போய்விட்டிருந்தார். ஊரில் ஒரு வண்டி மிச்சமில்லை. சொந்தக்காரர்கள் வந்த வேனில் ஆட்களுக்கே இடமில்லை. மாமாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் முடிந்த நேரம். கறுப்புக் கண்ணாடியும் கையுமாய் நின்றார். செந்திலுக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

அப்போது ஒரு குரல் கேட்டது. "நான் ஓட்டுறேன் மாமா."

அது என் குரல் என்று தெரிந்துகொள்ள எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. லைசென்ஸ் இருந்தது உண்மை. ஆனால் டிரைவிங் ஸ்கூலில் நான் ஓட்டியது வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போகும் புதுக் கார். இதற்கோ ஸ்டீயரிங்குக்குக் கீழே கையால் தள்ளுகிற கியர்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு விஷயம் சொன்னார். "எது வேணாலும் செய்யும்மா. இஞ்சினை மட்டும் அமத்திராத. செல்ஃப் எடுக்காது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலும் நின்னுரும். நிறுத்தணும்னா குதிங்கால் ஆக்சிலேட்டர்ல, விரலு பிரேக்குல. அம்புட்டுத்தான்."

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

காவலுக்கு அத்தை முன்சீட்டில் ஏறினார், மடியில் முத்துவின் நிச்சயப் புடவையோடு. தெருவே தள்ளியது. கிளம்பினோம். நாலுவழிச் சாலையில் ஏறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிமெண்ட் லாரிகள் எங்களைத் தாண்டிப் போகும்போது கிளீனர்கள் எட்டிப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். அத்தை என் கையைப் பிடித்து ஸ்டீயரிங்கில் வைத்தார்.

டோல்கேட்டில்தான் முதல் சிக்கல். சீட்டுக் கொடுக்கிற தம்பி வெளியே வந்து வண்டியைச் சுற்றினான். முன்னால் பார்த்தான், பின்னால் போனான், மறுபடியும் முன்னால் வந்தான்.

"அக்கா, இது காரா, லோடு வண்டியா? எதுல போடணும்னு தெரியலையே."

"சீக்கிரம் எதுலயாவது போடுங்க தம்பி, இஞ்சின் நின்னுரும்."

"அமத்திட்டு இறங்குங்கக்கா, சார்ட்ட கேப்போம்."

அத்தை ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "ஏலே, இவ அமத்தினா நீயும் உங்க சாரும்தான் தள்ளணும். பட்டுப்புடவையைப் பாத்துப் பேசு, நாங்க நிச்சயத்துக்குப் போறோம்." பின்னால் வரிசையில் நின்றவர்கள் அடித்த ஹாரனில் அந்தத் தம்பி தடுப்பைத் தூக்கிவிட்டான். அரைக்காருக்கு எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை.

மண்டபம் ஒரு மேட்டுத் தெருவில் இருந்தது. தெரு முனையில் வாழை மரங்கள், மேலே மாப்பிள்ளை பெண் படம் போட்ட "வருக வருக" பேனர். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஓடி வந்து சாமான்களை இறக்கினார்கள். அத்தை புடவையோடு உள்ளே போய்விட்டார். போகும்போது, "நீ இங்கனயே இரு, உங்க மாமா வந்து சொல்லுவாரு" என்றார். மாமா வரவில்லை. உள்ளே சம்பந்தி வீட்டாரிடம் மாட்டிக்கொண்டிருப்பார்.

நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். குதிகால் ஆக்சிலேட்டரில், விரல் பிரேக்கில். உள்ளே நாதசுரம் ஆரம்பித்தது. அண்ணி என்ற முறையில் முத்துவுக்குப் புடவை கட்டிவிட வேண்டியவள் நான். கால் மரத்துப்போனது. கழுத்தில் வியர்வை ஓடியது. அப்போது மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் வாசலில் நின்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய், அந்த வண்டிக்கார பிள்ளைக்குக் குடிக்க எதாச்சும் குடுங்க. ரொம்ப நேரமா உக்காந்திருக்கு."

ஒருவர் டம்ளரில் பாயசம் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "சாத்தூருக்கு எம்புட்டு வாடகைம்மா வாங்குற?" என்று கேட்டார். நான் மூன்று வடம் சங்கிலியும் தலை நிறைய மல்லிகையுமாய் இருந்தேன். அதையெல்லாம் அந்த வண்டி மறைத்துவிட்டது.

பாயசம் பாதி குடித்திருந்தபோது சம்பந்தியே வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதே முகம். தெருவையே புகை மூடியிருந்தது.

"வண்டியை அமத்தும்மா. உள்ள எல்லாருக்கும் கண்ணு எரியுது."

"அமத்தக் கூடாதுங்க பெரியப்பா, இதுக்கு செல்ஃப்..."

அவர் மீதியைக் கேட்கவில்லை. இடது கதவின் கயிற்றை அவிழ்த்து, ஒரு காலை உள்ளே வைத்து, குனிந்து, சாவியைத் திருகிவிட்டார்.

காலையிலிருந்து காதில் இருந்த இரைச்சல் சட்டென்று போனது. அந்த அமைதியில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. பிரேக்கில் இருந்த விரலை அப்படியே வைத்திருந்தால் போதும். நான் பதறி இரண்டு காலையும் தூக்கிவிட்டேன். (டம்ளரை மட்டும் விடவில்லை.)

வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. ஒரு காலோடு நின்ற சம்பந்தி இன்னொரு காலையும் உள்ளே இழுத்துச் சீட்டில் விழுந்தார். நான் மிதித்தேன், அது கிளட்ச். மேட்டில் நின்ற ஜனம் சின்னதாகிக்கொண்டே போனது. வாழை மரங்கள் இரண்டும் இரண்டு பக்கமும் சாய்ந்தன. பேனர் அறுந்து வண்டித் தொட்டியின் மேல் கம்பளி போல விழுந்தது. முனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் முட்டி நின்றோம். சம்பந்தியின் வெள்ளைச் சட்டை முழுக்கப் பாயசம்.

நான் அழத் தயாரானேன். முத்துவின் கல்யாணத்தை நானே உருட்டிவிட்டுவிட்டேன் என்று தோன்றியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலால் ஹாரனைத் தொட்டார்.

அதற்குள் கூட்டம் ஓடி வந்துவிட்டது. பட்டு வேட்டியில் மாப்பிள்ளை, கேமராவைக் கழுத்தில் போட்ட போட்டோக்காரர், சமையல் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். இரண்டாவது கியரில் விட்டேன். இருமி, குலுங்கி, உயிர் வந்தது. பின்னாலிருந்து மாமாவின் குரல் மட்டும் கேட்டது: "நிறுத்திராதம்மா, மேட்டுல ஏத்தாத, பின்வாசலுக்குச் சுத்தி வந்துரு."

சுற்றி வர ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட் மூடியிருந்தது. கடைக்காரர்கள் எங்கள் பின்னால் கிடந்த பேனரில் முகங்களைப் பார்த்து, மணமக்கள் நாங்கள் இல்லை என்று புரிந்து குழம்பினார்கள்.

"நீங்க இறங்கி ஆட்டோவுல போங்க பெரியப்பா. நேரமாச்சு" என்றேன்.

அவர் இறங்கவில்லை. டேஷ்போர்டில் இருந்த ஒரு கறுப்புக் குமிழை மெதுவாக இழுத்தார். இஞ்சின் தானாகவே நிதானமாக ஓடியது. நான் காலை எடுத்தேன், நிற்கவில்லை.

"உங்க மாமா இதைச் சொல்லலையா?"

"அது சுருட்டு பத்த வைக்கிறதுன்னு சொன்னாரு."

அவர் வாயின் ஓரம் கொஞ்சம் அசைந்தது. "வயசுல நான் மூக்கு லாரி ஓட்டினேன் தாயி, இஞ்சின் முன்னால நீட்டிக்கிட்டு நிக்குமே, அது. தீப்பெட்டி லோடு. மேட்டுல ஏறும்போது கியர் மாத்தினா தோள்பட்டை கழண்டுரும். கம்பெனி ஆரம்பிச்சதும் இதே மாதிரி ஒரு கார் வாங்கினேன். பையங்க அதை வித்துட்டானுக. இப்ப இருக்கிற வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியாது. அதையும் டிரைவர்தான் ஓட்டுவான். எனக்கு வயசாச்சாம்."

கேட் திறந்தது. அவர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காருறியா?" என்றார்.

தள்ளி உட்கார்ந்தேன். அவ்வளவுதான். பின்வாசலுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலது பக்கம் திருப்பினார். ஊருக்கு வெளியே போகும் ரோடு. கை கியரை இரண்டு விரலால் தள்ளினார், என்னிடம் முரண்டு பிடித்த அதே கியர். என் போன் அடித்தது, அத்தை.

"எங்க இருக்கீக? சம்பந்தியைக் காணோம்னு அவுக வீட்டுல தேடுறாக."

"பக்கத்துல வந்துட்டோம்னு சொல்லு" என்றார் அவர், ஒரு கண்மாயைத் தாண்டும்போது.

சொன்னேன். மறுபடி அடித்தது. மறுபடியும் அதையே சொல்லச் சொன்னார். ராகு காலம் நெருங்குகிறதே என்று நான் கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். சும்மா இருக்க முடியாதவர்களில் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நாங்கள் திரும்பியபோது தட்டு மாற்றி முடிந்திருந்தது. அவருக்குப் பதிலாக அவர் தம்பி மாற்றியிருந்தார். பின்வாசலில் சம்பந்தியம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். அவருக்குப் பின்னால் என் மாமா, கறுப்புக் கண்ணாடிக்குள் என்ன முகம் என்றே தெரியவில்லை. செந்தில் என்னைத் தெரியாதவர் போல் தூணைப் பார்த்தார்.

சம்பந்தி இறங்கினார். பாயசக் கறையோடு நேரே மாமாவிடம் போனார்.

"சீர் செனத்தி எதுவும் வேண்டாம்னு அன்னைக்குச் சொன்னேன். இப்ப ஒன்னே ஒன்னு கேக்கணும்."

உள்ளே இருந்தவர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். முத்துவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. கேட்கப்போவது நகையா, நிலமா என்று எல்லாருக்கும் ஒரே பயம்.

"இந்த வண்டியைக் குடுத்துருங்க."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் கழற்றவே கூடாது என்று சொல்லியிருந்த கண்ணாடி.

"சம்பந்தி, பொண்ணை இன்னைக்கே வேணாலும் கூட்டிட்டுப் போங்க. வண்டியை மட்டும் கேக்காதீக."

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். பிறகு மாப்பிள்ளை. பிறகு எல்லாரும். முத்து மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவை முறைத்துப் பார்த்தபடி நின்றாள். போட்டோக்காரர் எடுத்த அவளுடைய அந்தப் படம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

கல்யாணம் நடந்து, இரண்டு குழந்தைகளும் ஆயிற்று. சம்பந்தி மாதம் ஒருமுறையாவது பேரப்பிள்ளைகளைப் பார்க்க மாமாவை வரச் சொல்வார். மறக்காமல் எதில் வருகிறார் என்றும் கேட்டுக்கொள்வார். நானோ அந்தக் குடும்பத்தில் இன்னமும் வண்டிக்காரப் பிள்ளைதான். விசேஷ வீடுகளில் சம்பந்தியைக் காணோம் என்றால் அவரைத் தேடமாட்டார்கள், என்னைத் தேடுவார்கள்.

முத்துவுக்கும் அவள் மாமியாருக்கும் எப்போதாவது வாய்த்தகராறு வந்தால், அவள் மாமியார் ஆரம்பிக்கும் முன்பே முத்து முடித்துவிடுகிறாளாம். "என்னைய என்ன ஆசைப்பட்டா கூட்டிட்டு வந்தீக? வண்டியைக் கேட்டீக, எங்கப்பா தரலை. சரி போகட்டும்னு என்னைய ஏத்திட்டு வந்தீக."