பன்னிரண்டு ஓடுகள்

வாத்தியார் கடைசியாகச் செய்த காரியம், கூரை ஒழுகும் இடத்துக்கு நேராக வாளியை நகர்த்தி வைத்தது. பிறகு மேஜைக்கு வந்து மாத அறிக்கையில், "வடக்கு மூலைக்குப் பன்னிரண்டு ஓடுகள்" என்று எழுதினார். "கொஞ்சம் கண்ணை மூடிட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

அறிக்கையில் பாதியில் நின்ற அந்த வாக்கியத்தை நான்காம் நாள் அவர் மனைவி முடித்தாள். "தேவை" என்று எழுதி, கீழே அவர் பெயரையே போட்டு, தபாலில் சேர்த்தாள்.

அடக்கத்துக்கு ஊரே வந்து அழுதது. இரண்டு நாள் பயணத் தூரத்தில் இருந்த கல்வி அலுவலகத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வெள்ளைக்காரத் துரைத்தனத்து விதிப்படி, வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் மானியம் கிடையாது. மானியம் நின்றால் கட்டடம் பழையபடி உப்புக் கிடங்கு. பெண் வாத்தியார் என்ற பேச்சே விதிப்புத்தகத்தில் இல்லை. ஆனால் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்கள். வாத்தியாரம்மா பலகையைத் துடைத்துவிட்டு, அவர் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினாள். சாயங்காலம் வாளியைக் கொட்டிவிட்டு, அவர் வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. அவளை உறுத்தியது கல்வி அலுவலக இன்ஸ்பெக்டரின் பதில்கள்தான். ஊருக்கு ஒரு தடவைகூட வராமல் பல வருஷமாக அவர் எழுதியது ஒரே வரி: "ஓடுகள் பரிசீலனையில் உள்ளன." இப்போது அதன் கீழே இன்னொரு வரியும் வந்தது. "மழையில் பிள்ளைகளுக்குச் சளி பிடித்ததா?"

கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் போனாள். வாத்தியாரின் சிநேகிதர் அவர்.

"அதிகாரிக்கு எதுக்குண்ணே சளியைப் பத்தி அக்கறை?"

"நோண்டறான்மா. சளியில ஆரம்பிச்சு ஆள்ல வந்து நிப்பான். நீ என்ன பதில் போட்டே?"

"ஆறு பேருக்குச் சளி, வெந்நீர் கொடுத்தோம்னு எழுதினேன்."

"போச்சு" என்றார் தையல்காரர்.

போனது அடுத்த தபாலில் தெரிந்தது. "வரும் செவ்வாயன்று நேரில் வருகிறோம். வாத்தியார் பாடம் நடத்துவதைப் பார்க்க வேண்டும்."

"வாத்தியாரா நான் நிக்கிறேன். அவர் கோட்டைத் தெச்சவனே நான்தானே" என்றார் தையல்காரர்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதேண்ணே."

"அவனுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியாதுன்னு?"

அவள் பெட்டியிலிருந்து கோட்டை எடுத்தாள். பையில் ஒரு சாக்கட்டித் துண்டு இருந்தது. அதை எடுக்காமல் அப்படியே கொடுத்தாள்.

கையொப்பம் கேட்டால் என்ன செய்வது என்று, தையல்காரரின் வலது கையில் பெரிய கட்டாகப் போட்டாள். தானே வகுப்பின் பின்னால் பெருக்குகிறவள் போலத் துடைப்பத்தோடு நின்று சைகை காட்டுவது என்று முடிவாயிற்று. துடைப்பம் வலப்பக்கம் போனால் பக்கத்தைத் திருப்ப வேண்டும். மேலே போனால் நிறுத்த வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. வண்டியிலிருந்து இறங்கியவரின் கோட்டுக்கை விரல் நுனிவரை தொங்கியது. பிள்ளைகள் எழுந்து வணங்கினார்கள். அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, வருகைப் பதிவேட்டைப் பார்க்கவில்லை, மகாராணி படத்தைக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

'எத்தனை மூட்டை உப்பு அடுக்கலாம்னு கணக்குப் போடறான்' என்று வாத்தியாரம்மா நினைத்தாள்.

தையல்காரர் பாடப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தார். அவள் துடைப்பத்தை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினாள். குரலை உயர்த்தச் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார்.

"மார்பு முப்பத்தாறு!" என்று முழங்கினார்.

"மார்பு முப்பத்தாறு" என்றன முப்பத்தெட்டுக் குரல்கள்.

"கை இருபத்து மூணரை. கழுத்து பதினஞ்சு, காலர் தனி."

"காலர் தனி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது இன்ஸ்பெக்டர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"கணக்குல நல்லாப் பழக்கியிருக்கீங்க."

திட்டுகிற அதிகாரியை அவள் சமாளித்துவிடுவாள். தலைகீழ்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்டுகிறவன் பெரிய திட்டத்தோடு வந்திருக்கிறான்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் தையல்காரர் பின்னால் வந்தார்.

"அம்மா, அந்தக் கோட்டு அவன் அளவுக்குத் தெச்சதில்ல. தோள் ரெண்டு விரக்கடை எறங்குது."

"அப்படின்னா?"

"இன்ஸ்பெக்டரே இல்ல. அவருக்கும் மேல யாரோ, ஆள் அடையாளம் தெரியாம வந்திருக்கான்."

இன்ஸ்பெக்டருக்கு மேலே இருந்தது துரை ஒருவர்தான். அவர் அனுப்பிய ஆளாகத்தான் இருக்கும். அவள் துடைப்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்து, ஏற்கனவே நாலு தடவை பெருக்கிய இடத்தை ஐந்தாம் தடவை பெருக்கினாள். அதற்குள் வந்தவர் வடக்கு மூலையில் பெஞ்சு மேல் ஏறி நின்று, ஓடுகளை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும், வந்த அதிகாரி கருத்து எழுதவேண்டிய பார்வைக் குறிப்பேட்டை அவர் முன்னால் வைத்தார்கள்.

"நான் சொல்றேன், வாத்தியார் எழுதட்டும்" என்றார்.

"கை சுளுக்கு. நீங்களே எழுதிடுங்க" என்று தையல்காரர் அவர் பக்கம் தள்ளினார்.

"கண்ணாடி உடைஞ்சுபோச்சு." குறிப்பேடு திரும்பி வந்தது.

"பெரிய எழுத்தா எழுதலாமே."

"சுளுக்கு இடது கையிலயுமா?"

குறிப்பேடு மேஜையில் போய்ப் போய் வந்தது. கடைசியில் இன்ஸ்பெக்டர் துடைப்பத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்த அம்மா எழுதட்டுமே."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதற்குத்தான் இவ்வளவு சுற்று. ஒரு வரி எழுதினால் போதும், ஐந்து மாத அறிக்கையோடு வைத்து ஒத்துப் பார்த்துவிடுவார்கள்.

"எனக்கு எழுத்தே தெரியாதுங்க ஐயா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"பொய் சொன்னா பெஞ்சு மேல நிக்கணும்னு நீங்கதானே அம்மா சொன்னீங்க?"

வாத்தியாரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அவர் போய் அஞ்சு மாசம் ஆச்சு. அறிக்கை எழுதறது நான். பாடம் நடத்தறதும் நான். இவர் மேல தப்பில்ல, பிள்ளைங்க மேலயும் இல்ல. என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்க. பள்ளிக்கூடத்தை மட்டும் மூடிடாதீங்க."

இன்ஸ்பெக்டர் வியர்த்துப்போய் வாசல் பக்கம் பார்த்தார்.

"அண்ணே, இதுக்கு என்ன சொல்லணும்னு எஜமானியம்மா சொல்லி அனுப்பலியே?"

வாசலில் ஒதுங்கி நின்ற வண்டிக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"பயப்படாதீங்கம்மா. இவரு கூரை வேலைக்காரரு. கோட்டுதான் எங்க இன்ஸ்பெக்டர் ஐயாவோடது. ஐயா போய் பத்து மாசம் ஆச்சு. சொன்னா புது ஆள் வர்ற வரைக்கும் பதினோரு பள்ளிக்கூடத்துக்கும் மானியம் நின்னுடும்னு, பதிலெல்லாம் ஐயாவோட சம்சாரம், எங்க எஜமானியம்மாதான் எழுதறாங்க. 'வெந்நீர் கொடுத்தோம்னு ஆம்பளை எவனும் அறிக்கை எழுத மாட்டான், போய்ப் பாத்துட்டு வாங்க'ன்னு அனுப்பினாங்க."

"தோள் எறங்குதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் தையல்காரர்.

வாத்தியாரம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்ப ஓடு கொண்டாந்திருக்கீங்களா?"

"அது பரிசீலனையிலதாம்மா இருக்கு" என்றார் வண்டிக்காரர். "ஓட்டுக்கு மட்டும் கஜானாவுல ஐயா நேர்ல வந்து கையெழுத்துப் போடணுங்கறாங்க."

வாளி வாத்தியார் வைத்த இடத்திலேயே இருந்தது.